தவில்காரர் கேட்ட தண்ணீர்

குடவாசல் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தவில்காரருக்கு விரல்கள் ஓயவேயில்லை. முன்சீட்டுக் கம்பியில் தட்டிக்கொண்டேயிருந்தார். கூலி உயர்வு கேட்டு அறுவடையை நிறுத்தியவர்கள் சாலையை மறித்திருந்தார்கள். வெயில் இறங்கியும் பஸ் நகரவில்லை. மறியலில் நின்ற ஒருவர் ஜன்னல் வழியே செம்பில் தண்ணீர் நீட்டினார்.

"வேண்டாங்க. எங்க வாத்தியார் செத்த நாள் இன்னிக்கு. நான் அரங்கேறினதும் இதே தேதிதான். அவர் சமாதியில வாசிக்காம பச்சைத் தண்ணி பல்லுல படாது."

"இங்கேயே வாசிச்சிடுங்களேன்" என்றேன்.

"கோஷம் போடுற எடத்துலயா?" என்று சீறினார்.

வெளியே கோஷம் ஏறியது. கம்பியில் அவர் விரல்கள் அதற்குத் தாளம் போட்டன, பிறகு அதை மீறிக்கொண்டு ஓடின. கோஷம் நின்று எல்லோரும் எங்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். வாசித்தது வாத்தியாருக்கா, அவர்களுக்கா, இன்றும் எனக்குப் பிடிபடவில்லை.

முடித்ததும் வெளியே கையை நீட்டினார்.

"அந்தச் செம்பைக் கொடுங்க."