குடல் கக்கிய அட்டை

கடலட்டை அவிக்கும் நாற்றம் ஒருமுறை மூக்கில் ஏறினால் இலேசில் இறங்காது. கிண்ணியாவில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வேலி தள்ளி, கரையோரமாகத் தென்னங்கிடுகால் மறைத்த, அட்டை அவித்துக் காயவைக்கும் "வாடி" ஒன்று இருந்தது. அங்கே அடுப்பில் பெரிய கிடாரம் ஏறுகிற நாட்களில் எங்கள் சோற்றிலும் அந்த நாற்றம், கொடியில் காயப்போட்ட துணியிலும் அந்த நாற்றம். உம்மா அங்கே வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு அவருடைய விரல்களை விட்டு அது போனதேயில்லை.

கடலட்டையைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு முழத்துக்குக் குறைவான, தடித்த, வழுவழுத்த உடம்பு. தலை இல்லை, மூளை இல்லை, இதயம் இல்லை. ஒரு முனையில் வாய், மறுமுனையில் கழிவு வழி. அந்தக் கழிவு வழியாலேயே தண்ணீரை உள்ளே இழுத்து மூச்சும் விடும். மணலைத் தின்று மணலையே கழித்துக்கொண்டு கிடக்கும். ஆணா பெண்ணா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. இதையெல்லாம் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருடமும் அதே படத்தைக் கீறி, அதே சொற்களால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன வாய் என்னுடையது. ஆனால் நான் இதைப் படித்தது வகுப்பில் அல்ல.

வாப்பா சுழியோடி. முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, உம்மாவின் தம்பியான சின்ன மாமாவோடு கடலுக்குப் போய் அட்டை பொறுக்கி வருவார். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒருநாள் அடியில் சிலிண்டர் காலியாகி, நின்று நிதானித்து ஏற வேண்டியவர் ஒரே மூச்சில் மேலே வந்துவிட்டார். படகில் ஏறும்வரை நன்றாகத்தான் இருந்தாராம். கரைக்கு வந்து இறங்கப் பார்த்தபோது கால்கள் இரண்டும் இல்லாதவைபோலக் கிடந்தன. அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. "பாதை" என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏற்றித் துறையைக் கடந்து திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சட்டென்று மேலே வந்ததில் இரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டி முள்ளந்தண்டுக்குள் பழுது, இனி நடப்பது கஷ்டம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வந்தவர் முன்னறைக் கட்டிலில் படுத்தார். உம்மா வாடிக்கு அட்டை அறுக்கப் போனார்.

சின்ன மாமா பின்னேரங்களில் வந்து வாப்பாவின் கட்டிலருகே கதிரையைப் போட்டு, கடலில் கண்டதையெல்லாம் சொல்வார். மாரி முடிந்து வெயில் ஏறும் நாட்களில் முழுநிலவை அண்டி அட்டைகள் மணலில் பாதி உடம்பை நிமிர்த்தி எழுந்து நின்று ஆடுமாம். ஒன்று பால்போலக் கக்க, பக்கத்தில் இன்னொன்று முட்டையைத் தூவ, இரண்டும் தண்ணீரில் கலந்து குஞ்சாகி எங்கேயோ மிதந்து போய்விடுமாம். தாயும் தகப்பனும் தங்கள் பிள்ளையை ஒருநாளும் காணமாட்டார்கள் என்றார். வாப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு மாமா சொன்னதுதான் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

"அட்டை லேசில சாகாது. பயந்தா குடல முழுக்கக் கக்கிப் போட்டுரும். கொஞ்ச நாளையில புதுக் குடல் முளைச்சிரும்."

உள்ளே பழுதானது திரும்ப முளைக்கும் என்றால், முள்ளந்தண்டும் உள்ளேதானே இருக்கிறது? இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. குடல் கக்கிய கறுப்பு அட்டை ஒன்றைக் கொண்டுவந்து தரச் சொல்லி மாமாவை நச்சரித்தேன். பின் வாசலில் பேசினில் மணல் பரப்பி, கடல் தண்ணீர் ஊற்றி அதை விட்டேன். பள்ளிக்கூடம் போகுமுன் ஒருதரம், வந்தபின் ஒருதரம் வாளியில் தண்ணீர் சுமந்து மாற்றினேன். உம்மா அதைப் பார்த்துவிட்டு, "வீட்டில கிடக்கிறதப் பாக்கவே எனக்கு ஏலாது, இன்னுமொண்டா?" என்றார். கட்டிலில் இருந்தவருக்கும் அது கேட்டது. உம்மா கெட்டவர் அல்ல. களைத்துப் போயிருந்தார். அந்தக் களைப்பு என்ன என்று எனக்கு இப்போது நன்றாகவே தெரியும்.

வாப்பாவின் கட்டிலிலிருந்து பார்த்தால் கதவு வழியே பேசினின் விளிம்பு மட்டும் தெரியும். நாள் போகப்போக, அட்டை இன்று என்ன செய்கிறது என்று அவரே கேட்கத் தொடங்கினார். அசைந்தது என்பேன், மணல் தின்றது என்பேன். அவர் முகம் கொஞ்சம் தெளியும். மூன்று கிழமை இப்படிப் போனது. அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது: குடல் முளைத்ததா இல்லையா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. வாப்பாவிடம் கேட்டேன். அறுத்தால் செத்துவிடும், இருக்கட்டும் என்றார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. உம்மா வாடிக்குப் போயிருந்த ஒரு காலையில், குசினியிலிருந்து கத்தியை எடுத்து, வாடியில் உம்மா செய்வதைப் பார்த்துப் பழகியபடியே, வாய்ப்பக்கத்தை விட்டுப் பின்பக்கத்தில் விரல் நீளத்துக்குக் கீறினேன். தண்ணீர் வந்தது. குடலைக் காணாமல் மேலும் கீறினேன். உள்ளே, சுவரோடு ஒட்டி, நூல் தடிப்பில், வெளிர் மஞ்சளாய் ஒரு புதுக் குடல் முனையிலிருந்து முனைவரை ஓடியிருந்தது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதன்பிறகு வாய்க்கவில்லை. ஈரக் கையோடு உள்ளே ஓடினேன்.

"வாப்பா, முளைச்சிருக்கு!"

அவர் என் கையிலிருந்த கத்தியைப் பார்த்தார்.

"அறுத்துட்டியா?"

தலையாட்டினேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

"அதுக்குக் கால் இல்ல மகள்."

நான் சொல்லாமலே இவ்வளவு நாளும் அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அவரும் என்னோடு சேர்ந்துதான் காத்திருந்திருக்கிறார். நான் வெளியே வந்தபோது அட்டை சுருண்டு கிடந்தது.

அட்டைக்குக் கால் உண்டு. அடிவயிறு முழுக்க, குண்டூசித் தலை அளவில், உறிஞ்சிப் பிடித்து நகர்கிற குழாய்க் கால்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. உயர்தரம் படிக்கும்போது அதை முதன்முதலில் வாசித்தேன். வீட்டுக்கு வந்து வாப்பாவிடம் சொல்லவில்லை.

இப்போது அந்த வாடி இல்லை, "பாதை" இல்லை, உம்மாவும் இல்லை. கரையை அண்டிய கடலில் அட்டையும் இல்லை. சின்ன மாமா தொழிலை விட்டுவிட்டார். வாப்பாவும் நானும் துறைக்கு இந்தப் பக்கம், திருகோணமலையை அடுத்த பாலையூற்றில் இருக்கிறோம். பள்ளிக்கூடம் விட்டு வந்து அவரைத் திருப்பிப் போட்டு, முதுகைத் துடைத்து, புண்ணுக்கு மருந்து பூசுவேன். கலியாணம் பேசி வந்தவர்கள் முன்னறைவரை வந்து கட்டிலைக் கண்டுவிட்டுத் தேத்தண்ணீர் குடித்ததோடு போய்விட்டார்கள். அதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

சில நாட்களில், கால் பெருவிரல் அசைவதுபோல இருக்கிறது, பார் என்பார். அசையாது. "இல்லை வாப்பா" என்றே இத்தனை வருடமும் சொல்லிவந்தேன். திறந்து பார்த்து உள்ளதைச் சொல்வதுதானே படித்தவளின் வேலை. போன கிழமையும் கேட்டார். போர்வையை விலக்கிப் பார்த்தேன். விரல் கிடந்தபடியே கிடந்தது.

"ஓம் வாப்பா, கொஞ்சம் அசையுது," என்றேன்.

அவர் என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"இந்தத் தரம் அறுக்காம விட்டுட்டா என்ட மகள்."

நான் போர்வையை இழுத்து அவர் காலை மூடினேன்.