மரணக் காரணம்: ஜுரம்

இதில் ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. பொய் எழுதியதெல்லாம் இருபது வருஷத்துக்கு முன்னால், ஆபீஸ் ரிஜிஸ்டரில். அதோடு சரி.

1921, ஆடி மாதம். பூந்தமல்லிக்கு மேற்கே ஒரு சின்ன ஆபீஸில் நான் சாவு எழுதும் குமாஸ்தா. யார் செத்தாலும் அந்த ஊர் வெட்டியான் வந்து சொல்வான், நான் எழுதுவேன். பெண்களுக்குப் பெயர் எழுதும் வழக்கம் இல்லை. இன்னார் பெஞ்சாதி, இன்னார் மகள், அவ்வளவுதான். அப்போது பக்கத்துக் கிராமம் காட்டுமேட்டில் வாந்திபேதி. அப்படியே எழுதினால் கிணற்றில் சிவப்பு மருந்து போட ஆள் அனுப்பவேண்டும். சாவு விகிதம் ஏன் ஏறியது என்று அதிகாரி என் தலையை உருட்டுவார். எல்லாவற்றையும் ஜுரம் என்று எழுதிவிட்டேன். எனக்கென்ன வந்தது என்று இருந்தேன், பாவி.

வெள்ளிக்கிழமை. பகல் 12.10. ஆபீஸில் நான் மட்டும். வாசலில் ஒரு பெண் நின்றாள். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். அவள் புடவை மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

சாவு சொல்லப் பெண்கள் வருவதில்லை.

“இன்னா சாமி, ஜொரம்னு எழுதிக்கீறீங்க? அது வாந்திபேதி.”

எரிந்து விழப் போனேன். அதற்குள் அவளே சொன்னாள்.

“தாகமா கீது.”

கையைக் குவித்தாள். குடத்திலிருந்து மொண்டு ஊற்றினேன். ஒரு சொம்பு. மூன்று. ஏழு...

குடம் காலி. அவள் உதடு அப்படியே காய்ந்து வெடித்திருந்தது.

“காட்டுமேட்டுக் கெணத்துல மருந்து போடச் சொல்லுங்க. எம் பொண்ணு அதத்தான் குடிக்குது. நாலு வயசு.”

“உன் பேர் என்ன?”

“தாயம்மா.”

ரிஜிஸ்டரைப் புரட்டினேன். அந்தப் பெயரே இல்லை; பெண் பெயரை நான் எழுதினால்தானே. நிமிர்ந்தேன்.

யாரும் இல்லை.

தரையில் ஈரம் இல்லை.

பின்னால்... களக் என்று ஒரு சத்தம்.

குடம் தளும்ப நிறைந்திருந்தது.

12.14.

பேனாவை எடுத்தேன். ஜுரத்தை அடிக்கவேண்டும், ஒரே ஒரு கோடு. அதிகாரியின் முகம் நினைவுக்கு வந்தது. வெயில் மயக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பேனாவை வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை காட்டுமேட்டு வெட்டியான் துலுக்கானம் வந்தான்.

“வேம்புலி ஊட்டுல இன்னொண்ணு சாமி. பொண்ணு. நாலு வயசு.”

எழுத எடுத்த பேனாவை நிறுத்தினேன்.

“அதன் தாயார்?”

“அவதான் போன புதன்கெழமையே பூட்டாளே. நீங்கதானே எழுதினீங்க.”

பக்கத்தைத் திருப்பினேன். என் கையெழுத்து. ‘வேம்புலி பெஞ்சாதி, வயது 25, ஜுரம்.’

“அவள் பேர் என்ன?”

“தாயம்மா. தண்ணி தண்ணின்னே கெடந்தா சாமி. பேதிக்குத் தண்ணி ஆவாதுன்னு ஒர்த்தரும் குடுக்கல.”

கேட்கப் பயந்துகொண்டே கேட்டேன்.

“குழந்தைக்கு எப்போது கண்டது?”

“சனிக்கெழம ராவு சாமி. வெள்ளிக்கெழமயெல்லாம் நல்லாதான் ஆடிகினு இருந்துச்சி.”

“அதன் பேர்?”

“பொம்பளப் புள்ளைக்குப் பேரு எழுத மாட்டீங்களே சாமி.”

“சொல்லு.”

சொர்ணம் என்று எழுதினேன். பக்கத்தில் வாந்திபேதி என்று எழுதினேன். மறுநாள் கிணற்றில் மருந்து விழுந்தது.