வெறும் வயிற்று வரிசை

“ஏனுங்க அம்மணி, வாயக் கொஞ்சம் தொறங்க” என்கிறார் தனபால். வரிசையில் முதலில் நிற்கும் பிரவீனா சிரிப்பை அடக்கிக்கொண்டு திறக்கிறாள். ஒரு முழம் தள்ளி நின்றே அவர் மூக்கு வேலையை முடித்துவிடுகிறது. “டீ குடிச்சுப்போட்டு வந்திருக்கறீங்க. இஞ்சி வேற தட்டிப் போட்டிருக்கறீங்க. அடுத்த புதங்கிழமை வாங்க.” பாலை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்.

தாராபுரத்துக்குத் தெற்கே, அமராவதி வாய்க்காலை ஒட்டிய ஊரில் பால் சொசைட்டியின் டெஸ்டர் அவர். இருபத்திரண்டு வருட வேலை. பாலில் துளி தண்ணீர் கலந்திருந்தாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். சொந்தம், பந்தம் எதையும் பார்க்கமாட்டார். மிஷின் சத்து அளவைக் காட்டியதும் “நாலு ஒண்ணு, எட்டு மூணு!” என்று கடைசி ஆளுக்கும் கேட்கும்படி கூவுவார். ஒளிவுமறைவு கூடாது என்பதற்காக ஏற்பட்ட பழக்கம் அது.

சர்க்கரைப் பரிசோதனையை இங்கே கொண்டுவந்ததும் அவர்தான். துணை சுகாதார நிலையத்து நர்ஸ் ஜோஸ்லின், வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வீடு வீடாக அலைந்துகொண்டிருந்தாள். அவள் பத்து மணிக்குக் கதவைத் தட்டும்போது ஊரே சாப்பிட்டு முடித்திருக்கும். அவள் சலித்துப்போய் நின்ற ஒருநாள் தனபாலுக்குப் பொறி தட்டியது. “ஏனுங்க நர்சம்மா, ஊரே ஒண்ணும் திங்காம வந்து நிக்கிற எடம் என்ற சொசைட்டிதானுங்களே?”

சொசைட்டித் தலைவரைப் பேசிப் பேசியே சம்மதிக்க வைத்தார். எதிரே டீக்கடை வைத்திருக்கும் வேலனையும் விடவில்லை. புதன்கிழமை காலையில் ரத்தம் எடுத்த விரலில் பஞ்சைக் காட்டினால்தான் அங்கே டீ. அளவு கூடியவர்கள் வீட்டுக்குக் குறுக்கு வழியில் போகக்கூடாது, வாய்க்கால் மேட்டைச் சுற்றித்தான் நடக்கவேண்டும் என்பது இவர் போட்ட சட்டம். பத்து மாதத்தில் முப்பத்தொரு பேருக்கு, நோய் வந்து உட்காரும் முன்பே தகவல் தெரிந்துவிட்டது. வரிசை முடியும்வரை அவரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. இப்படி ஒரு மனிதர் ஊருக்கு ஒருவர் இருந்தால் போதும் என்று தோன்றும்.

அவரும் ஒரு பெரிய தப்புச் செய்தார். முதல் புதன்கிழமை யாரும் விரல் நீட்டத் துணியவில்லை. மைத்துனன் தனபாலுக்காக முன்னால் வந்தவர் அவருடைய அக்கா வீட்டுக்காரர் சென்னிமலை. ஜோஸ்லின் குத்திப் பார்த்துவிட்டுக் கருவியை நீட்டினாள். பழக்க தோஷம், “முன்னூத்திப் பன்னெண்டு!” என்று கூவிவிட்டார் தனபால். கடைசி ஆளுக்கும் கேட்டது. சென்னிமலை தன் மகள் ரித்திகாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது.

“என்ற மானத்தையும் அளந்து போட்டயே மாப்ள” என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். மறுநாளிலிருந்து அவர் பால் தனியார் வண்டிக்குப் போனது.

அதன்பிறகு யாருடைய சர்க்கரை அளவும் தனபால் வாயிலிருந்து வந்ததில்லை. உள்ளறையில் பழைய சேலையைத் திரையாகக் கட்டி, அதற்குப் பின்னால்தான் குத்துகிறார்கள். ஜோஸ்லின் சீட்டில் எழுதி மடித்துக் கொடுக்கிறாள். ஆனால் சொன்னது சொன்னதுதானே? மூன்று முறை அக்கா வீட்டுக்குப் போனார். மூன்று முறையும் மச்சான் பின்பக்கமாகத் தோட்டத்துக்கு நடையைக் கட்டிவிட்டார்.

போன வாரம் அக்கா ராசாத்தாள் போனில் அழுதாள். “தம்பி, அவருக்குக் குதிகால் புண்ணு ரெண்டு மாசமா ஆறலடா. ஆசுபத்திரிக்கும் வரமாட்டீங்கறாரு.”

ஜோஸ்லினிடம் கேட்டார். “இப்படியே உட்டா காலையே எடுக்கற மாதிரி ஆயிருமுங்கண்ணா” என்றாள்.

“அப்படி ஆச்சுன்னா, அது நான் எடுத்த காலுங்க” என்றார் தனபால். அக்காவிடம் ஒன்று மட்டும் சொன்னார்: “என்னோட பேசாட்டிப் போறாரு. ஒருக்கா வந்துட்டுப் போகச் சொல்லக்கா.”

இந்தப் புதன்கிழமை, வரிசையின் கடைசியில் சென்னிமலை வந்து நின்றார். இடது குதிகாலைத் தரையில் ஊன்றவில்லை. கையில் பத்து லிட்டர் கேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பரிசோதனைக்கு வந்தேன் என்று காட்டிக்கொள்ள அவருக்கு மனம் வராது. பால் ஊற்ற வந்தவராகத்தான் வந்திருக்கிறார். ஆனால் அவர் வீட்டுப் பால் ஐந்தரை மணிக்கே தனியார் வண்டியில் ஏறியதைத் தனபால் தன் கண்ணால் பார்த்திருந்தார்.

“வாங்க மச்சான்” என்று மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். கேனைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது, உள்ளே ஒரு சொட்டு இல்லை. மூடி கலகலக்காதபடி ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறுகையை அடியில் கொடுத்து, இடுப்பை வளைத்து, மூச்சைப் பிடித்துத் தூக்கினார். பிறகு, சிந்திவிடக் கூடாதே என்பது போல ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து, மச்சானுக்கு முன்னால் திரையை நோக்கி நடந்தார்.