ஈரக் கை

இது நடந்தது. கவியா விலங்கியல் படித்தவள், பேயை நம்பாதவள். இன்றும் செங்கம் சாலையில் அந்த விடுதியைத் தாண்டும்போது மட்டும் எதிர்ப்பக்கம் மாறி நடக்கிறாள்.

விடுதியில் தனி அறை ஒன்றில் பெரிய கடல்நீர்த் தொட்டி. உயிருள்ள பவளம், மூன்று இறால், ஆறு மீன். வெள்ளைப்புள்ளி நோயில் நான்கு மீன் செத்த பிறகுதான் கவியாவை வேலைக்கு வைத்தார்கள். மருந்து பவளத்தையும் இறாலையும் கொன்றுவிடும். அதனால் மிஞ்சிய இரண்டு மீனையும் எதிர்ச்சுவரோரம் ஒரு சின்ன மருந்துத் தொட்டிக்கு மாற்றினாள். பெரிய தொட்டியை இரண்டரை மாதம் மீனே இல்லாமல் விட்டாள். ஒட்ட மீன் உடம்பு கிடைக்காவிட்டால் அந்த நோயைத் தரும் ஒட்டுண்ணி பட்டினியில் செத்துவிடும். ஒரே விதி, மருந்துத் தொட்டியில் நனைந்த கை பெரிய தொட்டியில் படக் கூடாது. பட்டால் மறுபடி முதலிலிருந்து. அறையைப் பூட்டிச் சாவியைத் தானே வைத்துக்கொண்டாள்.

"இதுங்களும் போச்சுன்னா தொட்டிய வித்துடுவேம்மா," என்றார் முதலாளி சக்கரவர்த்தி. தொட்டி போனால் அவள் வேலையும் போகும்.

கடைசி நாள், பௌர்ணமி. வெளியே கிரிவலக் கூட்டம். விடிந்தால் மீன்களைத் திருப்பி விடலாம். இரவு ஏழு பத்துக்குக் கரண்ட் போனது.

காற்றுமோட்டார் பேட்டரியில் ஓடுகிறதா என்று பார்க்க அறையைத் திறந்தாள். செல்போன் வெளிச்சத்தில் தரையெல்லாம் ஈரச் சொட்டு. மருந்துத் தொட்டியிலிருந்து பெரிய தொட்டி வரைக்கும்... ஒரே கோடாக.

"அக்கா, யாரு உள்ள வந்தது?"

"சாவி உங்கிட்டதான கீது?" சமையலறையிலிருந்து பீபி ஜான்.

வெளிச்சத்தைப் பெரிய தொட்டிப் பக்கம் திருப்பினாள். மீன் உடம்பைக் கொத்திச் சுத்தம் செய்வதுதான் அந்த இறால்களின் பிழைப்பு. மூன்றும் நடுத்தண்ணீரில் நின்றன. எதையோ பற்றிக்கொண்டு... கொத்திக்கொண்டிருந்தன.

அங்கே தண்ணீர்தான் இருந்தது.

மூன்றும் ஒன்றாக மேலே எழுந்தன. தண்ணீர் மட்டத்துக்கு வந்ததும் உதிர்ந்து விழுந்தன.

சொட்.

அவள் காலருகே.

சொட்... சொட்...

அவளைத் தாண்டிப் போனது.

மருந்துத் தொட்டியில் இரண்டு மீனும் மேலே வந்து வாயைத் திறந்தன. இரை போடும் ஆளைக் கண்டதுபோல.

கவியா வெளியே ஓடினாள்.

மறுநாள் அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "மீன இப்ப வுடாதீங்க சார். ஈரக் கை பட்டுடுச்சு."

"யார் கை?" என்றார் சக்கரவர்த்தி. அவரே மீன்களை விட்டார். ஐந்தாம் நாள் இரண்டின் மேலும் வெள்ளைப்புள்ளி.

வேலை போய்க் கிளம்பும்போதுதான் பீபி ஜான் வாய் திறந்தார்.

"உனக்கு முன்ன அஜ்மல்னு ஒரு புள்ள பாத்துக்கினு இருந்தான். நீ பயப்படுவியேன்னு சொல்லல. மோட்டார்ல ஷாக் அடிச்சு... கதவ ஒடச்சுப் பாத்தா, வலது கை தண்ணிக்குள்ள. மூணு இறாலும் அவன் நகத்தக் கொத்திக்கினு இருந்துச்சு."