ரீவைண்ட் செய்து தரவும்

எங்கள் வீட்டில் ஹாலிவுட் நடிகர்கள் யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது. வாயில் நுழையாத பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சித்தி எல்லாருக்கும் புதுப் பேர் வைத்துவிட்டாள். வீட்டுக்குள் வந்தாலும் காதலியைக் கட்டிப்பிடித்தாலும் தொப்பியைக் கழற்றாதவர் தொப்பிக்காரர். குதிரையைவிட்டு இறங்கிய பிறகும் குதிரைமேல் இருக்கிற மாதிரியே நடப்பவர் அகட்டுக்கால். ஒரு புருவத்தைத் தூக்கினாலே எதிரே நிற்கிற ஆம்பளைக்கு வியர்த்துவிடும், அந்த நடிகை மிரட்டலம்மா. டைரக்டர்களுக்கும் அதே கதிதான். படத்தில் மாடிப்படி வந்தால் யாரோ உருளப்போகிறார்கள் என்று நிச்சயமாகச் சொல்லலாம் என்பதால் ஒருவர் படிக்கட்டு டைரக்டர். கதவைத் திறப்பதையே அரை நிமிஷம் காட்டுகிறவர் கதவு டைரக்டர். "அந்த அரை நிமிஷத்துக்குத்தான், கண்ணு, காசு" என்பாள் சித்தி.

இன்று அந்தப் படங்களெல்லாம் கழுவித் துடைத்த மாதிரி பளிச்சென்று போனிலேயே கிடைக்கின்றன. நடித்தவர், எடுத்தவர், பிறந்தது, செத்தது எல்லாம் விரலால் தட்டினால் வந்துவிடுகிறது. என்ன பிரயோஜனம்? தொப்பிக்காரர் புகைக்குள்ளிருந்து வெளியே வந்தால் என் வாயில் தொப்பிக்காரர் என்றுதான் வருகிறது. என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அப்பா நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர். சித்தி என்றால் அம்மாவின் தங்கை. பெற்றவர்கள் போன பிறகு எங்களோடுதான் இருந்தாள், எஸ்டேட் பிள்ளைகள் படிக்கிற சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் தினமும் பஸ்ஸேறி ஏற்காடு டவுனுக்குப் போய் நாலாம் வகுப்புப் படித்தேன். டவுனில் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு வீடியோ கடை. சேலத்திலிருந்து மலையேறி வந்து அதை நடத்தியவரை நாங்கள் வீடியோ அண்ணன் என்போம். இங்கிலீஷ் பி.ஏ. படித்துவிட்டு வேலை கிடைக்காமல் கேசட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். ஊரைவிட்டுப் போன ஒரு எஸ்டேட் முதலாளி விட்டுச்சென்ற பழைய இங்கிலீஷ் கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய அவரிடம் இருந்தன. அந்தப் பெட்டியைத் தொட்டவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான், அண்ணனும் சித்தியும்.

சித்தி ஆரம்பத்தில் தானே போய்த்தான் கேசட் எடுத்தாள். இரண்டாம் தடவையே பஸ் கண்டக்டர் அப்பாவிடம், "ஏனுங்க ரைட்டரய்யா, நம்ம டீச்சரம்மா வீடியோ கடையில நொம்ப நேரமா நின்னு பேசிட்டிருந்தாங்களே" என்று அக்கறையாக விசாரித்துவிட்டார். மலையில் மூடுபனிக்குக்கூடத் தெரியாமல் ஒன்றும் செய்ய முடியாது. அதற்குப் பிறகு கேசட் கொண்டுபோவதும் வாங்கிவருவதும் என் வேலையாயிற்று.

அந்தக் கேசட்டுகள் கடிதங்கள் என்று எனக்குத் தெரியாது. பல வருஷம் கழித்து, தன் மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள், காய் நறுக்கிக்கொண்டே சித்திதான் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். முதலில் அது தற்செயலாக நடந்ததாம். படம் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. மிரட்டலம்மா தொப்பிக்காரரைப் பார்த்து, "முதலில் அந்தத் தொப்பியைக் கழற்றுங்கள்" என்று சொல்கிற இடத்தில் கேசட் நின்றுபோக, அப்படியே கொடுத்தனுப்பிவிட்டாள். அடுத்த வாரம் நான் போனபோது அண்ணன் தலையில் வழக்கமான மங்கி குல்லா இல்லை. மார்கழிக் குளிரில் தும்மிக்கொண்டே புதுக் கேசட்டைக் கொடுத்தார். அந்தக் கேசட்டும் நடுவில்தான் நின்றிருந்தது. போட்டுப் பார்த்தால் தொப்பிக்காரர், "இப்போது பரவாயில்லையா?" என்று கேட்கிறார்.

அன்றிலிருந்து இருவரும் தாங்கள் சொல்ல நினைத்ததை நடிகர்கள் வாயால் சொல்லிக்கொண்டார்கள். சொல்லவேண்டிய வசனத்துக்கு முன்னால் கேசட்டை நிறுத்தி அனுப்பினால் போதும். எனக்குத் தெரிந்ததெல்லாம், சித்தி எந்தப் படத்தையும் நடுவிலிருந்துதான் பார்க்க ஆரம்பிப்பாள் என்பது. ஒரு நிமிஷம் பார்ப்பாள், சிரிப்பாள், பிறகு முதலுக்குப் போவாள். பைத்தியம் என்று நினைத்துக்கொள்வேன்.

இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. அண்ணன் நெற்றியில் பட்டையாகத் திருநீறு. எங்கள் வீட்டுச் சுவரில் ஏசுநாதர். அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. இதற்குள் கோயமுத்தூரிலிருந்து, சர்க்கார் உத்தியோகம், கோயில் பாட்டுக்குழுவில் பாடுகிற மாப்பிள்ளை என்று சித்திக்கு ஒரு வரன் வந்தது. இன்னும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அண்ணன் காதுக்கும் அது எட்டியிருக்கவேண்டும். அந்த வாரம் வந்த கேசட் ரயில்வே ஸ்டேஷனில் நின்றிருந்தது. தொப்பிக்காரர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "உங்கள் வீட்டுக்கு வந்து பெரியவர்களிடம் கேட்கட்டுமா? ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்கிறார். சித்தி அதை மூன்று தடவை போட்டுப் பார்த்தாள்.

படத்தின் கடைசியில், கதவைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் நின்ற மிரட்டலம்மா "வாங்க" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்வாள். அதற்குச் சரியாக முன்னால் சனிக்கிழமை ராத்திரியே கேசட்டை நிறுத்தி எடுத்து, என் பள்ளிக்கூடப் பையில் வைத்துவிட்டு, ஞாயிறு சாயங்காலப் பாட்டுப் பயிற்சிக்குச் சித்தி கோயிலுக்குப் போனாள். போகும்போதே பாடிக்கொண்டு போனாள்.

இனிமேல்தான் என் திருப்பணி. அந்த வாரம் என்னை வகுப்பு லீடராக்கியிருந்தார்கள். ஊரில் உள்ள ஒழுங்கெல்லாம் என் தலைமேல் இருப்பதாக ஒரு நினைப்பு. ஒவ்வொரு கேசட் டப்பாவிலும் 'ரீவைண்ட் செய்து தரவும்' என்று ஒட்டியிருக்கும். முந்தின வாரம்தான் ரீவைண்ட் செய்யாமல் கொண்டுவந்த ஒரு ஹோட்டல்காரரை அண்ணன், "அடுத்தவங்க சுத்திக் குடுப்பாங்கன்னு நெனப்புங்களா?" என்று நாலு பேர் முன்னால் காய்ச்சி எடுத்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் சித்தி ஒரு தடவைகூடச் சுற்றிக் கொடுத்ததில்லை, அந்த நல்ல மனுஷனும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அப்பாவும் அம்மாவும் பக்கத்து வீட்டு ஜெபத்துக்குப் போயிருந்தார்கள். சனிக்கிழமை தவிர மற்ற நாளில் வீடியோ டெக்கைத் தொடக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். ஒரு சட்டத்தைக் காப்பாற்ற இன்னொன்றை மீறினேன். கேசட்டைப் போட்டுப் பொத்தானை அழுத்தியதும் கிர்ரென்று சுற்றி டக்கென்று நின்றது. அடேங்கப்பா, அன்றைக்கு எனக்கிருந்த பெருமை!

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் கடைக்குப் போனேன். அண்ணன் டப்பாவை ஆவலாகத் திறந்தார். கேசட்டின் கண்ணாடி வழியாகப் பார்த்தார். ரீல் முழுக்க ஒரே பக்கமாக இருந்தது.

"இப்படியே குடுத்தாங்களா கண்ணு?"

நான் செய்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சித்திக்கு நல்ல பேர் வாங்கிக்கொடுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது, பாருங்கள்.

"ஆமாங்கண்ணா. சித்தியேதான் சுத்தி வெச்சாங்க. இனிமே இப்படித்தான் குடுப்பாங்களாம்."

அவர் கேசட்டைத் துடைத்து டப்பாவில் போட்டார். "நல்லதுங்க கண்ணு" என்றார். அவர் என்னை 'ங்க' போட்டுப் பேசியது அது ஒரு தடவைதான். லீடருக்கான மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். அலமாரியில் கைக்கு வந்த ஒரு சிரிப்புப் பட கேசட்டை எடுத்துக் கொடுத்தார்.

சித்தி அதைத் திறந்து பார்த்தாள். அதிலும் ரீல் முழுக்க ஒரு பக்கம். "மொதல்ல இருந்தா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். நேரில் வரப்போகிறவர் கேசட்டில் என்ன சொல்வார் என்று நினைத்திருக்கவேண்டும். அந்த வாரம் தினமும் சாயங்கால பஸ் வருகிற நேரத்துக்கு முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கியது நான்தான்.

காய் நறுக்கிய அன்று சித்தி இதைச் சொல்லிவிட்டு, "கேட்டவரே பயந்துக்கிட்டாரு போல, பாவம்" என்றாள். எனக்குக் கத்தி விரலில் பட்டுவிட்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். விரலை வாயில் வைத்துக்கொண்டேன். கோயமுத்தூர்ச் சித்தப்பா தங்கமான மனுஷர், சித்தியைக் கண்கலங்க வைத்ததில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் இரண்டு பேர் வாழ்க்கையை ஒரு பொத்தானில் சுற்றிவிட்டது நான்தானே. வீடியோ அண்ணன் அந்தக் கோடைக்கு முன்பே கடையைக் காலிசெய்துகொண்டு சேலத்துக்கு இறங்கிவிட்டார். எங்கே இருக்கிறாரோ தெரியவில்லை.

மறுநாள் கோயமுத்தூர்க்காரர்கள் வரப்போகிற அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், கடைசி பஸ்ஸும் வந்து போனபிறகு, சித்தி டெக்கைப் போட்டாள். அந்தச் சிரிப்புப் படத்தை முதலிலிருந்தே பார்த்தாள். எனக்கு ஒரே சந்தோஷம், ஒருவழியாக எங்கள் சித்தியும் எல்லாரையும் போல ஆகிவிட்டாள் என்று. ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவன் திரும்பித் திரும்பி எல்லாரையும் தள்ளிவிடுகிறான். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் சித்தி கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது.

"என்னங்க சித்தி?"

"நொம்ப சிரிப்புப் படம் கண்ணு" என்றாள் சித்தி, முந்தானையால் துடைத்துக்கொண்டு.

எந்த இடத்தில் நன்றாகச் சிரிக்கவேண்டும் என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அதனால் படத்தை விட்டுவிட்டுச் சித்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணில் தண்ணீர் வரும்போதெல்லாம் நானும் சத்தமாகச் சிரித்தேன்.