வலது முனையில் ஒட்டிய அட்டை

என் புத்தகத்தில் மொத்தமே ஒன்பது படங்கள், படத்துக்கு ஒரு வரி. ஒரே நீளத் தாளை விசிறி மாதிரி மடித்து, இரண்டு முனையிலும் அட்டை ஒட்டுவதாக ஏற்பாடு. லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வாசலிலிருந்து ஒர்க்‌ஷாப் கேட் வரை அப்பா தினமும் சைக்கிளில் போன வழிதான் கதை. அவர் கண்ணில் பட்டதை மட்டும் வரைந்தேன்: ஹேண்டில்பார், அதில் தொங்கும் டிபன் பாக்ஸ், எதிரே தெரு. எல்லாவற்றையும் மரப்பலகையில் செதுக்கி நானே அச்சடித்தேன். மூன்று மாதம் விரலெல்லாம் பிளாஸ்திரி. பெருமையாகத்தான் சொல்கிறேன்.

அட்டை ஒட்ட மட்டும் பழைய நகரத்து பைண்டர் ஒருவரிடம் கொடுத்தேன். காலமெல்லாம் உருதுப் புத்தகங்கள் கட்டியவர். தலைப்பு அட்டை முதல் பக்கத்தில் வர வேண்டும் என்றேன். எது முதல் பக்கம் என்று சொல்லவில்லை. அதைக் கூடவா சொல்ல வேண்டும்? புத்தகத்தை வைக்கவிருந்த கண்காட்சி அன்று காலையில் போய் வாங்கினால், தலைப்பு வலது முனையில் இருந்தது. திறந்தால் முதலில் கேட், கடைசியில் வீடு.

"கைக்கு பாய், ஐசா கைக்கு?" ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அவர் பாஷையிலேயே கத்திவிட்டேன். அவர் அசரவில்லை. கிதாப் என்றால் உருது எழுத்து மாதிரி வலப்பக்கம்தானே தொடங்கும் என்றார். ஒட்டிய அட்டையைப் பிய்த்தால் தாள் கிழியுமாம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அப்படியே கொண்டுபோய்க் கண்காட்சி மேஜையில் வைத்தேன்.

என் பயமெல்லாம் அப்பாவை நினைத்துத்தான். ஃபிட்டராக இருந்தவர், நூலளவு பிசகினாலும் விடமாட்டார். நான் படம் போடுவதைப் பொழுதுபோக்கு என்றே சொல்பவர். இதையாவது ஒரு வேலை என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று மனம் கிடந்து தவித்தது.

மாலையில் வந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கேட்டிலிருந்து மெதுவாகப் பிரித்தார். "சங்கு ஊதிவிட்டது" என்று கேட் படத்தின் வரியை வாய்விட்டுப் படித்தார். கடைசி மடிப்பில், கிளம்பும்போது அவர் பார்த்த எங்கள் வாசல், அதில் சின்னப் பெண்ணாக நான். "கதவு திறந்திருக்கிறது" என்று அந்த வரியையும் படித்தார்.

"அட்டையை மாத்தி ஒட்டிட்டாங்கப்பா. நீங்க வேலைக்குப் போறதைத்தான் நான்..."

"நக்கோ, மாத்தாத. போறப்போ எவன் வழியைப் பார்த்தான்? நேரமாச்சுன்னு ஓடுவேன். திரும்பி வர்றப்போதான் ஒண்ணொண்ணா பார்ப்பேன்."

அதற்குள் கச்சிபௌலியிலிருந்து வந்திருந்த ஒரு தமிழ்ப் பெண் புத்தகத்தை இடது முனையிலிருந்து திறக்கப் போனாள். அப்பா கையை நீட்டித் தடுத்தே விட்டார்.

"இந்தப் பக்கத்துலேருந்து பிரிம்மா. அப்பதான் வீட்டுக்கு வந்து சேரலாம்." பிறகு என்னைக் காட்டிச் சொன்னார்: "என் பொண்ணு செஞ்ச வேலை."