சிவப்பு வடியாத முத்திரை

லிகாவா ஊர்க்காட்டின் முத்திரைச் சுத்தியல் எட்டு வருஷமாகச் சோமோயேயின் பொறுப்பு. கில்வா பக்கத்தில் காட்டை ஊராரே வைத்து ஆளும் ஊர்களில் லிகாவாவும் ஒன்று. எந்த மினிங்கா மரத்தை வெட்டலாம், எதை விதைக்கு விட்டுவைக்க வேண்டும் என்று ஊர்க்குழு நடந்து பார்த்து முடிவு செய்யும். வெட்டலாம் என்ற மரத்தின் அடியில் பட்டையைச் சீவி, சோமோயே ஓங்கி ஓர் அடி வைப்பாள். ஊரின் எழுத்து பதியும். மரம் சாய்ந்த அன்றே, ஈரம் காயுமுன், துண்டிலும் ஓர் அடி. மினிங்காவும் வேங்கையைப் போலத்தான், காயம் பட்டால் சிவப்புப் பிசினை ரத்தமாக வடிக்கும். முத்திரையைச் சுற்றி அந்தச் சிவப்பு உறைந்து நிற்கும்.

அதை நம்பித்தான் நகரத்துக் கட்டில், மேசைக் கம்பெனிகள் லிகாவா மரத்துக்கு நல்ல விலை கொடுத்தன. ஒரு பொய் முத்திரை அகப்பட்டால், முறையாக வெட்டிய மரம் என்று ஊருக்குக் கொடுத்த சான்றிதழ் போகும். ஊர்க் கிணறும் பள்ளிக்கூடமும் அந்த மரத்தில் வந்தவை.

சான்றிதழ் ஆய்வாளர் துங்குரு வரவேண்டிய காலையில், சுத்தியலைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். கணவரின் தம்பி செலெமானி வந்து நின்றான். கட்டில் செய்கிறவன். வெள்ளிக்கிழமை அவன் மகள் சிவேமாவுக்குக் கல்யாணம். அப்பன் செய்த கட்டிலை மாப்பிள்ளை வீட்டுக்கு ஊர்வலமாகத் தூக்கிப் போகவேண்டும்.

“அண்ணி, பட்டறை வரைக்கும் வாங்க. அதையும் எடுத்துக்கோங்க.”

“எதை?”

“சுத்தியலத்தான்.”

பட்டறைக்குப் பின்னால், தென்னங்கீற்றுக்கு அடியில் ஒரு மினிங்காத் துண்டு கிடந்தது. சுத்தியலும் கையுமாகச் சுற்றி வந்து பார்த்தாள். முத்திரை இல்லை.

“ஏது இது?”

“தூறல்ல தூரத்துல இருந்து பாத்தேன் அண்ணி. செவப்பா வழிஞ்சிருந்துச்சு. நீங்க அடிச்ச மரம்னு வெட்டிட்டேன். சாஞ்சப்புறம் குனிஞ்சு பாத்தா எழுத்தக் காணோம். யானை தந்தத்தால கீறியிருக்கு.”

அவள் நம்பினாள். வெட்டுக்காரர்கள் எல்லாரும் காட்டில் சிவப்பைத்தான் தேடிப் போவார்கள். எழுத்தைக் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு.

“அன்னிக்கே சொல்றதுக்கென்ன?”

“சொன்னா லைசென்ஸ் போயிடும். சிவேமா கட்டிலுக்கு வெச்ச மரமும் போச்சு. ஒரே ஒரு அடி அண்ணி. கையா வலிக்கப் போகுது?”

“காஞ்ச கட்டையில அடிச்சா செவப்பு வருமா? அந்த ஆளு என்ன குருடரா?”

“கண்ணாடி போட்டவரு. அதுலயும் ஒரு பக்கம் கீறல்.”

மோட்டார் சைக்கிள் சத்தம் மாமரத்துத் திருப்பத்தில் கேட்டது. சோமோயே திரும்பினாள். அந்த ஒரு கணத்தில் செலெமானி அவள் கையிலிருந்து சுத்தியலைப் பறித்து ஓங்கி அடித்தான். எழுத்து பளிச்சென்று பதிந்தது. ஒரு சொட்டு கசியவில்லை.

“இப்ப இது உங்க அடி,” என்றான், மூச்சு வாங்க. சுத்தியலை அவள் கையில் திணித்தான். “நீங்க சும்மா நின்னாப் போதும்.”

துங்குரு, சோமோயேயின் வீட்டில் விசாரித்துவிட்டு நேரே இங்கே வந்திருந்தார். பலகைகளைத் தட்டிப் பார்த்தார். கீற்றுக்கடியில் கிடந்த துண்டு தூரத்திலிருந்தே அவர் கண்ணில் பட்டது.

“பின்னாடி ஒண்ணு இருக்கா? வர்றேன், மொதல்ல அந்தக் காபிய குடிச்சிடறேன்.”

மருதாணிக் கையோடு சிவேமா இஞ்சிக் காபி கொண்டுவந்தாள். “பெரியம்மா, உங்களுக்கு?” சோமோயே வேண்டாமென்று தலையசைத்தாள். துங்குருவின் கிண்ணம் சின்னது. நாலு மடக்கில் காலியாகிவிடும். செலெமானி அண்ணியையே பார்த்தான். பார்வையில் கெஞ்சலும் இருந்தது, மிரட்டலும் இருந்தது.

துங்குரு கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“ஐயா, அந்த முத்திரை பொய்,” என்றாள் சோமோயே. “இப்பத்தான் விழுந்துச்சு. என் சுத்தியல், என் அடி இல்ல. காட்டுல அடிமரத்தையும் பாத்துடலாம், வாங்க.”

சிவேமாவின் கையிலிருந்த தட்டு சாய்ந்தது.

காட்டில் அடிமரத்தின் மேல் தந்தக் கீறல் இருந்தது. பட்டையில் யானைச் சேறு அப்பியிருந்தது. துங்குரு வெகுநேரம் உட்கார்ந்து பார்த்தார். ஊரே தன் தப்பைச் சொல்லிவிட்டதால் சான்றிதழ் எச்சரிக்கையோடு பிழைத்தது. ஊர்க்குழுவின் தீர்ப்பில் துண்டு ஊருக்குச் சேர்ந்தது. செலெமானி கூலி இல்லாமல் அதில் பள்ளிக்கூட பெஞ்சு செய்யவேண்டும், அடுத்த மழைவரை காட்டுக்குள் கோடாரி எடுக்கக் கூடாது. சுத்தியல் வேறு கைக்குப் போனதால் சோமோயேயிடமிருந்தும் அதே காலத்துக்கு அதை வாங்கிவிட்டார்கள். அவள் வாதாடவில்லை. எழுத்தின் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்க்காமல் யாரும் வெட்டக்கூடாது என்று மட்டும் குழுவில் சொல்லி ஏற்க வைத்தாள்.

வெள்ளிக்கிழமை கட்டில் புறப்பட்டது. இரண்டு கால் பழைய மினிங்கா, மீதியெல்லாம் மாங்கட்டை. செலெமானி முன்மூலையைத் தூக்கினான். அன்றிலிருந்து அவன் அண்ணியோடு பேசவில்லை. பின்மூலை ஒன்று தாழ்ந்து ஆடியது. யாரும் கூப்பிடாமலே சோமோயே போய்த் தோள் கொடுத்தாள்.

கொஞ்ச தூரம் போனபின், திரும்பாமலே அவன் சொன்னான்:

“அண்ணி, இன்னும் கொஞ்சம் ஏத்திப் புடிங்க. மாங்கட்டை, முனகுது.”